கழிக்காத வட்டி

கையும் களவுமாகப் பிடித்துவிட்ட மிதப்பில், இளம் ஆடிட்டர் அந்தத் தாளைக் கணக்காளரின் மேசையில் போட்டாள்.

"சாயப் பிரிவுல வேலை செஞ்சு நுரையீரல் கெட்டுப்போன ஒரு அம்மாவுக்கு, ஆயுசு முழுக்க மாசாமாசம் பணம் தர்றதா கம்பெனி ஒத்துக்கிச்சு. போன வருஷம் இருபது வருஷப் பணத்தைப் போட்டு, பின்னாடி தரப்போற பணம்கிறதால வட்டி கழிச்சு, இன்னைய மதிப்புல கம்பெனி கடனா எழுதியிருந்தீங்க. இப்ப எட்டு மாசப் பணம்தான் இருக்கு. வட்டியும் கழிக்கல!"

"ஒரு வருஷத்துக்குள்ள முடியுறதுக்கு வட்டி கழிக்கிறதில்ல, மேடம்." கணக்காளர் திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"லாபத்தை ஏத்திக் காட்ட, அந்தம்மா ஆயுசுலயா கை வைப்பீங்க?"

"நேத்து டாக்டர் சொன்ன கணக்கு, மேடம்."

அவளுக்குச் சுருதி இறங்கியது. இருந்தாலும் இந்த மனிதரின் கல்மனசு பொறுக்கவில்லை.

"இதை எழுதுறப்ப கை நடுங்கலையா சார்? அவங்களுக்காவது விஷயம் தெரியுமா?"

"இன்னும் தெரியாது."

திறக்காமலேயே ஆறிப்போயிருந்த டிபன் பாக்ஸை அவர் மெல்லத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார்.

"காலைல இதைக் கட்டிக் குடுக்கும்போது, 'டாக்டர் என்ன சொன்னாரு?'ன்னு கேட்டா. சாயங்காலம் சொல்றேன்னுட்டு வந்துட்டேன்."