பதினோராவது டேக்

“சார், கோபமா சொல்லணும். ‘வெளிய போ’ன்னு! நீங்க என்னவோ அடுத்த பஸ் எப்பன்னு விசாரிக்கிற மாதிரி சொல்றீங்க.”

டைரக்டர் தலையில் கை வைத்துக்கொண்டான். பின்னால் நின்ற லைட்மேன்கள் சிரிப்பை அடக்க முடியாமல் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள்.

வீட்டுக்காரருக்கு வியர்த்துக் கொட்டியது. முப்பது வருஷம் பஸ் டெப்போவில் டைம்கீப்பராக இருந்தவர். ரிட்டையராகியும் டெப்போவில் அவர் பெயர் ‘சங்கு’தான். அவர் ஒரு சத்தம் போட்டால் பின்சீட்டில் தூங்கும் டிரைவர்கூட எழுந்து ஓடி வந்து ஸ்டியரிங்கைப் பிடிப்பான். அந்தத் தொண்டைக்கு இன்று என்ன வந்ததோ!

காலையிலிருந்து வீட்டில் ஷூட்டிங். அப்பா வேஷக்காரர் வரத் தாமதமாம். “ஒரே ஒரு வசனம் சார். உங்க முதுகைத்தான் எடுக்கப் போறோம். இந்தக் குரல் யாருக்கு வரும்?” என்று டைரக்டர் கெஞ்சியதில் உள்ளுக்குள் குளிர்ந்துபோய்த் தலையாட்டிவிட்டார்.

காட்சி சின்னதுதான். அப்பா பேச்சை மீறிக் கல்யாணம் செய்துகொண்ட மகள், கைக்குழந்தையோடு வாசலில் வந்து நிற்கிறாள். அப்பா ‘வெளிய போ’ என்கிறார்.

இதே வாசலில், இரண்டு வருஷத்துக்கு முன்னால், இதே வார்த்தையைத் தன் சொந்த மகளிடம் அவர் சொல்லியிருக்கிறார். அன்று ஒரே டேக். எதிர்வீட்டு ஜன்னல்கள் அத்தனையும் திறந்துகொண்டன. “குடும்ப மானம்னு ஒண்ணு இருக்குல்ல?” என்று அதன்பிறகு கேட்டவர், கேட்காதவர் எல்லாரிடமும் சொல்லிக்கொண்டு திரிந்தார். மூன்று மாதத்துக்கு முன் பேரன் பிறந்த செய்தியை மனைவி சொன்னபோதுகூட, எழுந்துபோய் டி.வி. சத்தத்தைக் கூட்டி வைத்தார்.

“ரெடி சார்? நாலாவது டேக்!”

மகளாக நடிக்கும் பெண் நிலைப்படிக்கு வெளியே வெயிலில் நின்றாள். கையில் துணியில் சுற்றிய பொம்மை. நிமிர்ந்து அவரைப் பார்த்து, “அப்பா...” என்றாள்.

“வெளிய... போம்மா.”

“கட்! ‘ம்மா’ எங்கேருந்து சார் வந்துச்சு?”

“பழக்கதோஷம் தம்பி.”

சமையலறை வாசலில் மனைவி வழக்கம்போல் போனைக் காதில் வைத்தபடி நின்றிருந்தாள். அவருக்கு எரிச்சல் வந்தது.

“தங்கச்சியோட அரட்டையை முடிச்சுட்டு அப்புறமா வேடிக்கை பாரேன்டி! நானே இங்க திண்டாடிட்டிருக்கேன்.”

“இதுல என்னங்க திண்டாட்டம்? நீங்க சொல்லாத வார்த்தையா? சும்மா சொல்லுங்க.”

அவருக்குச் சுருக்கென்றது. தெருவாசல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

ஐந்தாவது டேக்கில் இருமல். ஆறாவதில் குரலே எழும்பவில்லை. எட்டாவதில் அந்தப் பெண் சிமென்ட் தரையின் சூடு தாங்காமல் கால் மாற்றிக் கால் மாற்றி நிற்பது அவர் கண்ணில் பட்டது.

“அந்தப் பொண்ணுக்கு ஒரு செருப்புக் கொடுங்கய்யா!”

“மகள் செருப்பு இல்லாமத்தான் சார் வந்திருக்கா. நீங்க வசனத்தைச் சொல்லுங்க.”

ஒன்பதாவதும் கெட்டது. டைரக்டரைத் தனியாக அழைத்துத் தாழ்ந்த குரலில் கேட்டார்.

“இங்கேருந்து அவ எங்க தம்பி போவா?”

“யாரு சார்?”

“கதையில... அந்தப் பொண்ணு.”

“தெரியலை சார். அதோட இடைவேளை விட்டுடுவோம்.”

“இடைவேளையா? அப்ப குழந்தை?”

டைரக்டர் கேமரா பக்கம் போய்விட்டான். பத்தாவது டேக்கில் அவர் வாயைத் திறந்து, திறந்தபடியே நின்றுவிட்டார்.

“பதினோராவது டேக்! சார், இதுல முடிச்சுடுவோம்.”

அந்தப் பெண் மறுபடி வந்து நின்றாள். “அப்பா...”

அவர் மூச்சை இழுத்தார். நெஞ்சை நிமிர்த்தினார். அப்போதுதான் அதைக் கவனித்தார். பொம்மையின் தலை அவள் முழங்கைக்கு வெளியே தொங்கிக்கொண்டிருந்தது.

“ஏய்! புள்ளை கழுத்து தொங்குது பாரு! தலையைத் தாங்கிப் பிடிக்கத் தெரியாதா உனக்கு? பச்சைப் புள்ளையோட இந்த வெயில்ல நிக்குறியே, அறிவிருக்கா? முதல்ல உள்ள வா!”

சங்கு முழங்கிவிட்டது. எதிர்வீட்டு ஜன்னல்கள் மறுபடியும் திறந்துகொண்டன.

யாரும் ‘கட்’ சொல்லவில்லை. அவர் நாற்காலியில் தொப்பென்று உட்கார்ந்து துண்டால் முகத்தை மூடிக்கொண்டார். பிறகு துண்டை எடுத்தார். கண் சிவந்திருந்தது. ஆனால் மூச்சு இரண்டு வருஷத்தில் முதல்முறையாக அடைப்பில்லாமல் வந்தது.

“மன்னிச்சுக்கங்க தம்பி. என்னால உங்க படமே கெட்டுப்போச்சு.”

டைரக்டர் சிரித்தான்.

“இந்தப் படத்துல இப்படி ஒரு சீனே கிடையாது சார். வீட்டை ஷூட்டிங்குக்குத் தர்றதுக்கு அம்மா போட்ட ஒரே கண்டிஷன் இது.”

அவர் திடுக்கிட்டுத் திரும்பினார். சமையலறை வாசலில் மனைவி முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டு போனில் சொல்லிக்கொண்டிருந்தாள்: “கேட்டியாடி உங்கப்பா போட்ட சத்தத்தை? தெருமுனையில நின்னது போதும், கிளம்பி வா. புள்ளை தலையை மட்டும் ஒழுங்காத் தாங்கிப் பிடிச்சுக்க, இல்லேன்னா அதுக்கு வேற திட்டு வாங்குவே!”