தொடுவதற்கு ஆறு இலக்கம்

மாணவரைத் தொடும் முன் ஆசிரியர் அனுமதி எண் பெற வேண்டும் என்பது நல்ல சட்டம்தான். ஆறு இலக்க எண் மாணவரின் போனுக்கு வரும். மாணவர் தம் விரலால் அதைப் பதிய வேண்டும். பிறர் விரல் செல்லாது. அனுமதியின்றித் தொட்டால் ஆசிரியர் மணிக்கட்டில் மாட்டியிருக்கும் கைப்பட்டை காட்டிக்கொடுத்துவிடும். பார்வையற்றவர்களுக்குப் போனே எண்ணை வாசித்துவிடும். சட்டம் போட்டவர்கள் எல்லாவற்றையும் யோசித்திருந்தார்கள், ஜெனிலாவைத் தவிர.

பதினோரு வயது ஜெனிலாவுக்குக் கண்ணும் தெரியாது, காதும் கேட்காது. எதைச் சொல்வதானாலும் அவள் உள்ளங்கையில்தான் எழுத வேண்டும். அவளுடைய ஆசிரியை மரகதவல்லி உதவி மையத்தை அழைத்தார்.

“போன் வாசிக்கிறதைக் கேக்கச் சொல்லுங்க மேடம்.”

“காது கேக்காது சார்.”

“அப்ப ஸ்கிரீனைப் பாக்கச் சொல்லுங்க.”

“கண்ணும் தெரியாது. நான் கையில எழுதினாதான் அவளுக்குப் புரியும்.”

“தாராளமா எழுதுங்க மேடம். அவங்க எண்ணைப் பதிஞ்சதும் எழுதுங்க.”

மூன்று நாள் ஜெனிலா இரு கைகளையும் மேசைமேல் விரித்து வைத்துக் காத்திருந்தாள். நான்காம் நாள் அவளே எழுந்து வந்தாள். துழாவி, டீச்சரின் வளையலைத் தடவி அடையாளம் கண்டு, அவர் உள்ளங்கையில் எழுதினாள்: ‘என் மேல கோவமா?’

டீச்சரின் கைப்பட்டை அலறியது. அதில் எழுத்துகள் ஓடின: ‘மாணவி அனுமதியின்றி ஆசிரியரைத் தொட்டுள்ளார். முதல் எச்சரிக்கை. இதை மாணவிக்கு விளக்கிக் கையொப்பம் பெறவும்.’

ஜெனிலா பதிலுக்காகக் கையை நீட்டி நின்றாள். அவள் பையிலிருந்த போன், விளக்கம் சொல்வதற்கான ஆறு இலக்கத்தை வகுப்பே கேட்கும்படி கணீரென்று வாசித்தது.