இடது பக்கத்து சீட்

“தனியா ஓட்டினா உரசுதா சார்?”

“இல்ல.”

“பக்கத்துல ஆள் உக்காந்தா?”

“அப்பதான்.”

பென்னி குனிந்து, அந்தச் சிவப்புக் காரின் பின்சக்கரத்துக்கும் மட்கார்டுக்கும் நடுவே விரலை நுழைத்துப் பார்த்தான். அறுபதுகளில் வந்த ஸ்போர்ட்ஸ் கார். இரண்டே சீட். சேலையூர் கேம்ப் ரோட்டிலிருக்கும் அவனுடைய ஷெட்டுக்கு இப்படியொரு வண்டி வருவது இதுதான் முதல் தடவை. நேற்று அவனே அஸ்தினாபுரம் போய் ஓட்டி வந்திருந்தான். இன்று காலை ஆட்டோவில் வந்து இறங்கிய கதிரேசன், ஸ்டூலில் உட்கார்ந்து, கேட்டதற்கு மட்டும் பதில் சொல்லிக்கொண்டிருந்தார்.

“பழைய சைஸ் கெடைக்கலைன்னு டயரை அகலமா போட்டுட்டீங்க. அது ஒண்ணு. இன்னொண்ணும் கீது சார். எல்லா வண்டியிலயும் டிரைவர் பக்கம்தான் ஸ்பிரிங் தொய்யும். இதுல இடது பக்கம் தொய்ஞ்சு கீது. வூட்டம்மா கொஞ்சம்...” இரண்டு கைகளையும் அகல விரித்துக் காட்டிச் சிரித்தான் பென்னி.

கதிரேசன் சாலையைப் பார்த்தார். தாம்பரம் போகிற பஸ் ஒன்று நின்று, ஆட்களை இறக்கிவிட்டுக் கிளம்பும்வரை அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“ஞாயித்துக்கிழமை மாமல்லபுரம் போகணும். பழைய கார் வச்சிருக்கறவங்க எல்லாரும் வருஷத்துக்கு ஒரு தடவை சேர்ந்து போறது. அதுக்குள்ள சரியாகலேன்னா ஒருத்தர்தான் போக முடியும்.”

“இன்னொருத்தர்?”

“வீட்டுல.”

“அநியாயம் சார். டயர் உரசுதுன்னு வூட்டம்மாவையே கழட்டி விட்ருவீங்களா?”

“போன மாசம் கோவளம் தாண்டறதுக்குள்ள டயர் ஓரம் கிழிஞ்சு, பாதியில திரும்பிட்டோம். பத்தொன்பது வருஷத்துல அப்படி ஆனதே இல்ல. அதுலேர்ந்து வீட்டுல பேச்சே குறைஞ்சு போச்சு.” சற்று நிறுத்தினார். “ஸ்பிரிங்கைத் தூக்கிட்டா?”

“தூக்கலாம். ஆனா அந்த சீட்டுல உக்கார்றவங்களுக்கு இடுப்பு போயிடும்.”

“வேண்டாம்.” அன்று அவர் யோசிக்காமல் சொன்ன வார்த்தை அது ஒன்றுதான்.

“ம்... பாசம்!” என்றான் பென்னி. “அப்ப மட்கார்டோட உள்விளிம்பை மடக்கணும். பெயிண்ட் வெடிச்சாலும் வெடிக்கும். மடக்கலாமா?”

“ஒரு ஃபோன் பண்ணிக்கறேன்.”

வாசல்வரை போய்ப் பேசிவிட்டு வந்தார். “வெடிக்காம மடக்கணுமாம்.”

“வூட்டம்மாவா?”

தலையாட்டினார்.

“நல்லா கீதே! உரசறதும் அவங்களால, ஆர்டரும் அவங்களுதா?”

கதிரேசன் மூக்குக் கண்ணாடியைக் கழற்றி, துடைத்து, மறுபடியும் மாட்டிக்கொண்டார்.

பென்னி சக்கரத்தைக் கழற்றினான். அந்த இடத்தில் உருளை வைத்த கருவியைப் பொருத்தி, சூட்டுக் காற்றைக் காட்டிக்கொண்டே விளிம்பை மெல்ல உள்ளே அழுத்தினான். உருளை முன்னும் பின்னும் போய் வந்தது. ஒவ்வொரு முறை தகரம் முனகியபோதும் கதிரேசன் ஸ்டூலை விட்டு எழுந்து, பெயிண்டைப் பார்த்துவிட்டு உட்கார்ந்தார்.

சக்கரத்தை மாட்டிய பிறகு, பென்னி விளிம்பு முழுக்க சாக்பீஸைத் தேய்த்தான். “டயர்ல வெள்ளை ஒட்டினா இன்னும் உரசுதுன்னு அர்த்தம். ஆள் வெயிட் வேணுமே... வூட்டம்மாவுக்குப் பதிலா நீங்களே அந்தப் பக்கம் உக்காருங்க.”

கதிரேசன் ஏறியதும் வண்டி இடது பக்கம் ஒரு விரல் அளவு இறங்கியது. பென்னி கேம்ப் ரோட்டு வேகத்தடையில் ஏற்றி இறக்கி, திருப்பத்தில் ஒடித்துத் திரும்பி வந்தான். டயரில் வெள்ளைக் கோடு.

“உங்க வெயிட்டுக்கே ஒட்டுது சார். வூட்டம்மா உங்களை விட...?”

“என் வெயிட்டுக்கு உரசாம இருந்தா போதும்.”

“அடேங்கப்பா! ஜோடிப் பொருத்தம் சார்.”

மறுபடியும் சக்கரம் கழன்றது. மறுபடியும் சூடு, உருளை, முனகல். மதியச் சாப்பாட்டுக்குக்கூடக் கதிரேசன் எழுந்து போகவில்லை. இரண்டாவது தடவை வேகத்தடையில் ஏறி இறங்கும்போது கண்களை மூடிக்கொண்டார்.

டயர் கறுப்பாகவே இருந்தது. பெயிண்டிலும் கீறலில்லை.

“ஞாயித்துக்கிழமை ஜோடியாவே போங்க,” என்றான் பென்னி. கதிரேசன் அவன் கையைப் பிடித்துக்கொண்டார்.

நாலரை மணிக்கு, தோளில் பையோடு ஒரு பெண்மணி பஸ்ஸிலிருந்து இறங்கி வந்தாள். கைப்பிடிக்குள் அடங்கிவிடுகிற உடம்பு. கதிரேசன் எழுந்து நின்று, “சந்திரிகா,” என்றார்.

“இவங்களா சார் வூட்டம்மா?” என்றான் பென்னி. அவளை மேலும் கீழும் பார்த்தவன், சட்டென்று போய் இடது பக்கக் கதவைத் திறந்து பிடித்தான். “உக்காருங்க மேடம். இனிமே உரசவே உரசாது.”

சந்திரிகா அவனைப் பார்த்தாள். பிறகு, மும்முரமாகச் சாலையைப் பார்த்துக்கொண்டிருந்த கணவரைப் பார்த்தாள். வண்டியைச் சுற்றிக்கொண்டு போய், வலது பக்கக் கதவைத் திறந்து, ஸ்டியரிங்கைப் பிடித்து உட்கார்ந்தாள்.

“ஏறுங்க,” என்றாள் கதிரேசனிடம். “வீடு போறதுக்குள்ள ஒரு சத்தம் கேட்டுச்சோ, மாமல்லபுரத்துக்கு நான் மட்டும்தான்.”