தலையணைப் பக்கத்தில் ஒரு சுவிட்ச்

"கட்டில்ல படுத்தபடியே விமானம் தெரியணும்மா," என்றார் கிளைவ்.

ஆஸ்திரேலியாவில் குயின்ஸ்லாந்துப் பக்கம், சொந்த விமானம் வைத்திருப்பவர்களுக்கு அதன் கொட்டகைக்குள்ளேயே வீடு வரைந்து கொடுப்பது என் தொழில். விமானப் பைத்தியங்களை நிறையப் பார்த்தவள் நான். இவர் எல்லோரையும் தூக்கிச் சாப்பிட்டுவிடுவார் போலிருந்தது.

"படுக்கையறைக்கும் விமானத்துக்கும் நடுவுல தீ தாங்குற சுவர் வேணும். ஜன்னல் வச்சா ஊர் கவுன்சில்ல விடமாட்டாங்க."

"தீ தாங்குற கண்ணாடியே போடு. அப்புறம், கொட்டகைக் கதவோட சுவிட்ச் என் தலையணைப் பக்கத்துல இருக்கணும். வேற எங்கயும் இருக்கக் கூடாது."

அவர் மனைவி நோரீன் தூரத்தில் விமானத்தின் இறக்கையைத் துடைத்துக்கொண்டிருந்தார். வீட்டைப் பற்றி அவரிடம் யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. எனக்கு எரிச்சலாக வந்தது.

"சமையலறை எப்படி வேணும்னு அவங்களக் கேட்டீங்களா?"

"அது எப்படி இருந்தாலும் சரி. அந்தக் கதவு மட்டும், தயவுசெஞ்சு..." என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"விமானம் தானா கிளம்பிப் போயிடாது, கிளைவ். நீங்க ஓட்டினாத்தான் போகும்."

"எனக்கு ஓட்டத் தெரியாதும்மா. சாவிய எங்க ஒளிச்சு வச்சாலும் அவ எடுத்துடறா."

அதற்குள் நோரீன் சாவியைச் சுழற்றிக்கொண்டே வந்து, என்னைப் பார்த்துச் சிரித்தார்.

"வானம் தெளிவா இருக்கு. வாங்க, நான் ஓட்டறேன், ஒரு சுத்து போயிட்டு வரலாம்." பிறகு கிளைவைக் காட்டிக் கேட்டார்: "இவரு உங்க அப்பாவா? அவரையும் ஏறச் சொல்லுங்க."