டிரைவர் பக்கம்

இதை நான் நேரில் பார்க்கவில்லை. குதிரையேற்றப் பள்ளி அலுவலகத்தில் வேலை பார்க்கும் என் சித்தப்பா சொல்லித்தான் தெரியும். அவர் சொன்னதில் எதையும் கூட்டாமல் எழுதப் பார்க்கிறேன்.

பள்ளிக்கூட வேன் ஓட்டும் ஒரு அம்மா நாற்பத்தாறு வயதில் அங்கே குதிரையேறக் கற்றுக்கொள்ள வந்தார். எல்லோருக்கும் அவர் 'வேன் அக்கா'.

"இந்த வயசுல விழுந்தா எலும்பு சேராதுக்கா" என்று பயமுறுத்தினார்கள்.

"இருபது பிள்ளைங்க கத்தக் கத்த வண்டி ஓட்டறேன். கத்தாத ஒண்ணையும் ஓட்டிப் பார்க்கலாம்னு வந்தேன்" என்றாராம்.

ஐந்தே வருடம். தன் வயதில் பாதிகூட ஆகாதவர்களைத் தோற்கடித்து மூன்று கோப்பை வாங்கினார். மூன்றும் சாம்பல் என்ற கிழட்டுக் குதிரையின் மேல்.

கோப்பை தலைக்கேறிவிட்டது என்று பேச்சு கிளம்பியது. சாம்பலை வேறு யாரையும் அவர் தொட விடுவதில்லை. விடியும்போதே வந்து தானே தேய்த்துவிட்டு, தானே சேணம் போடுவார்.

"என்னக்கா, குதிரையைப் பட்டா போட்டு வாங்கிட்டீங்களா?" சித்தப்பாவே கேட்டிருக்கிறார்.

"ஆமா தம்பி. அது கையெழுத்துப் போடறதுதான் பாக்கி."

போதாக்குறைக்கு, வலது பக்கமாக ஏறுவார். குதிரையில் இடது பக்கம் ஏறுவதுதான் வழக்கம்.

"டிரைவர் சீட்டுன்னு நினைப்பாம்மா? இந்தப் பக்கம் வாங்க" என்று மாஸ்டர் கண்டிப்பார்.

"பழக்கதோஷம் மாஸ்டர்" என்று சிரிப்பார். மறுநாளும் வலது பக்கம்தான்.

அந்த வருடப் போட்டியில் முதலிடம் பிடிப்பவர் அடுத்த மாதமே தேசியப் போட்டிக்குப் போகலாம். சாம்பலுக்கு இன்னும் மூன்று மாதத்தில் இருபது வயது முடிகிறது, அதோடு ஓய்வு. வேறு குதிரையோடு பழகி மேலே வர வேன் அக்காவுக்கு வயது இடம் கொடுக்காது. இதை விட்டால் வேறு வாய்ப்பு இல்லை.

அன்று 'ஏறும் விதம்' என்ற கட்டத்துக்கு மதிப்பெண் போட வேண்டியவர் சித்தப்பா. மொத்தம் ஐந்து.

களத்தில் இறங்கும் முன் வேன் அக்காவிடம் போய், "இன்னிக்கு ஒரு நாளாவது இடது பக்கம் ஏறுங்கக்கா. என்னை வம்புல மாட்டி விடாதீங்க" என்றார்.

வேன் அக்கா குதிரையைப் பார்த்தார். பிறகு சித்தப்பாவைப் பார்த்தார்.

"உங்க வேலையை நீங்க பாருங்க தம்பி. நான் ஒண்ணும் நினைச்சுக்க மாட்டேன்."

என்ன திமிர் என்று நினைத்தார் சித்தப்பா. வேன் அக்கா வலது பக்கம் போய், கழுத்தைத் தட்டி, ஏதோ முணுமுணுத்துவிட்டு ஏறினார். சாம்பல் அசையாமல் நின்றது. சித்தப்பா பூஜ்யம் போட்டார்.

தாண்ட வேண்டிய கம்பிகளில் ஒன்றுகூட விழவில்லை. ஆனாலும் மூன்று மதிப்பெண் வித்தியாசத்தில் இரண்டாம் இடம்.

மூன்று மாதம் போயிற்று. சாம்பலுக்கு இருபது முடிந்த மறுநாள், ஓய்வுக்கான சான்றிதழ் கொடுக்க மருத்துவர் வந்தார். கடிவாளத்தைப் பிடிக்கலாம் என்று சித்தப்பா இடது பக்கமாக நெருங்கினார். குதிரை மிரண்டு துள்ளியது.

மருத்துவர் அதன் இடது கண்ணில் விளக்கடித்துப் பார்த்தார். "இந்தக் கண்ணுல பார்வையே இல்லையே. போய் ஒரு வருஷமாவது இருக்கும். யாருமா கவனிக்கல?"

அந்தப் பள்ளியில் ஒரு ஏற்பாடு உண்டு. இருபது வயது முடித்த குதிரைக்குச் சாகும்வரை புல்வெளியும் தீனியும். அதற்கு முன் குறை கண்டுபிடித்தால் ஏலம். ஏலத்தில் எடுப்பவர்கள் ஓட்டுவதற்காக எடுப்பதில்லை.

சித்தப்பா உடனே போன் செய்தார். "ஏன்க்கா என்கிட்ட அன்னிக்கே சொல்லல?"

"சொன்னா எழுதியிருப்பீங்களே தம்பி. எழுதறதுதானே உங்க வேலை."

பின்னால் பிள்ளைகள் கத்தும் சத்தம் கேட்டதாம். வேன் அக்கா அதற்குப் பிறகு குதிரையேறவில்லை.

"முதல் நாலு வருஷம் அவங்க இடது பக்கம்தான் ஏறினாங்க. டிரைவர் பழக்கம்னா முதல் நாளே வந்திருக்கணும்ல? எனக்கு அது தோணவே இல்லையே" என்று சித்தப்பா இப்போதும் சொல்லிச் சொல்லி மாய்ந்துபோகிறார்.

எழுதும் முன் சரிபார்க்க வேண்டும் என்று அந்தப் போட்டியின் விதிப்புத்தகத்தை வாங்கிப் படித்தேன். எந்தப் பக்கம் ஏற வேண்டும் என்று அதில் எங்குமே இல்லை. 'ஏறும் விதம்' என்ற தலைப்பின் கீழ் ஒரே ஒரு வரிதான் இருந்தது.

'குதிரை மிரளாதபடி ஏற வேண்டும்.'