கேட்பதை நிறுத்திய விரல்

லாரி ஆபீஸ் வைத்திலிங்கத்தின் கால் கட்டைவிரலுக்குள் ஒரு குட்டி ரத்தக்குழாய் இருந்தது. அவர் நடக்கும்போதெல்லாம் விரல் கேட்கும்: “அண்ணே, கொஞ்சம் விரிஞ்சு ரத்தம் விடுங்க.”

முன்பெல்லாம் கேட்டதும் விரியும். சர்க்கரையும் கொழுப்பும் வந்து தங்கியபின் குழாய் விறைத்துப்போனது. முடியவில்லை என்று சொல்ல வெட்கம். “இதோ, இதோ” என்றே நாளை ஓட்டியது.

மேலே இதயம் இன்னும் ஓங்கித் தள்ளியது. “கீழே எல்லாரும் சௌக்கியமா?”

“ரொம்ப நல்லா இருக்கோம்யா” என்றது குழாய்.

கொஞ்ச நாளில் விரல் கேட்பதையே நிறுத்தியது. ‘நம் கஷ்டம் புரிந்த பிள்ளை’ என்று குழாய் நிம்மதியடைந்தது.

ஒருநாள் செருப்பில்லாமல் வாசலுக்குப் போனவரின் விரலில் ஆணி ஏறியது. குழாய் பதறியது: “தம்பி, வலிக்குதாடா?”

விரல் ஒன்றும் சொல்லவில்லை. வைத்திலிங்கம் விசிலடித்தபடி நடந்துகொண்டே இருந்தார்.