முளைக்குமா என்று கேட்பார்கள்

ஒன்பது.

மறுபடியும் தேடினாள். சாக்கின் மடிப்பில், ஓரத்தில், தையல் போட்ட இடத்தில்.

ஒன்பதுதான்.

ஈரச்சாக்கில் விரித்திருந்த இரண்டு கைப்பிடிச் சிவப்பு நெல்லில் ஒன்பது மணிகள் மட்டும் வெள்ளையாக மூக்கை நீட்டியிருந்தன. மற்றதெல்லாம் ஊறி, உப்பி, சும்மா கிடந்தது.

ஐந்தாம் நாள். இனி ஒன்றும் முளைக்காது. விதையியலில் வகுப்பிலேயே முதல் மதிப்பெண் வாங்கியவளுக்கு அதை யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை.

நாளைக்கு ஆண்டு விழா.

வேளாண் கல்லூரி மாணவர் மன்றத்துக்கு இந்த ஆண்டு அவள்தான் செயலாளர். விழாவில் மேளம், மாலை, மேடைப் பேச்சு எல்லாம் உண்டு. ஆனால் எல்லோரும் காத்திருப்பது கடைசி அரை நிமிடத்துக்கு. பதவி முடிந்த செயலாளர் விதைப்பையோடு நிற்பார். புதியவர் இரண்டு கைகளையும் நீட்டி ஒரே ஒரு கேள்வி கேட்பார்.

முளைக்குமா?

முளைக்கும்.

அவ்வளவுதான். விதை கை மாறும். மன்றத்தின் ஐந்து சென்ட் வயலில் அது நாற்றாகும், கதிராகும், அடுத்த விழாவுக்கு மறுபடி விதையாகும். மன்றம் தொடங்கிய நாளில் ஒரு மாணவன் தன் ஊரிலிருந்து துண்டில் முடிந்து கொண்டுவந்த நெல் அது. நாற்பத்தொரு ஆண்டுகளாக அறுந்ததில்லை.

வயலும் விடுதியும் வெள்ளத்தில் மூழ்கிய வருடம்கூட, அன்றைய செயலாளர் விதைப்பையைத் தலையில் கட்டிக்கொண்டு இரண்டு நாள் மொட்டை மாடியில் உட்கார்ந்திருந்தாராம். மன்றத்தில் சேரும் ஒவ்வொருவருக்கும் முதலில் சொல்லப்படும் கதை அதுதான். நாளைக்கு அவரும் வருகிறார்.

அப்படிப்பட்ட விதையை அவள் வறுத்துவிட்டாள்.

வேறு எப்படிச் சொல்வது? அறுப்பு நேரத்தில் மழை. விதை ஈரமாகவே இருந்தது. வெயிலுக்குக் காத்திருக்கப் பொறுமை இல்லாமல் ஆய்வக ஓவனில் வைத்தாள். நாற்பது டிகிரியில் வைத்திருக்க வேண்டும். ஈரப்பதம் பார்க்கும் செய்முறை வகுப்பில் மூன்று வருடமாக நூற்று முப்பதுக்கே திருகிப் பழகிய கை, அன்றும் நூற்று முப்பதுக்கே திருகியது. வகுப்பில் விதை செத்தால் யாருக்கும் கவலையில்லை. எடை பார்த்துவிட்டுக் கொட்டிவிடுவார்கள்.

விடுதிக்குப் போகும் பாதி வழியில் நினைவு வந்து திரும்பி ஓடினாள். பையைத் தொட்டதும் விரல் சுட்டது.

சோதிப்பதென்றால் நூறு மணி எடுத்துச் சோதிப்பதுதான் முறை. அவள் மொத்தத்தையும் ஊறப்போட்டாள். எது உயிரோடு இருக்கிறதோ அது வரட்டும் என்று.

அறுத்ததில் மீதி நெல் அரைபட்டு, விடுதியில் பொங்கலாகி, எல்லோரும் ஏப்பமும் விட்டாயிற்று. வைக்கோலில் ஒட்டிய மணி ஏதும் கிடைக்குமா என்று மாட்டுக் கொட்டகைக்குப் போனாள். பண்ணை மாடு கடைசி வாயை மென்றபடி அவளை நிமிர்ந்து பார்த்தது.

விஷயம் தெரிந்தது அறைத்தோழி கற்பகவல்லிக்கு மட்டும்.

"ஏட்டி, பண்ணைக் குடோன்ல இதே செவப்பு நெல்லு மூடை மூடையாக் கெடக்கு. ரெண்டு கை அள்ளிப் பையில போடு. மோந்து பாத்தா கண்டுபிடிக்கப் போறாவ?"

கண்டுபிடிக்க முடியாது. அதுதான் சங்கடம்.

குடோன் வாசல் வரை போய்த் திரும்பினாள். மறுபடி போனாள். இந்த முறை மூடைக்குள் கையை விட்டு அள்ளியும்விட்டாள். நல்ல விதை. காய்ந்து, கனமாக இருந்தது. முளைக்குமா என்று கேட்டால் முளைக்கும் என்று தைரியமாகச் சொல்லலாம். பொய்கூட இல்லை.



பிறகு கொட்டினாள். கையை உதறினாள். விரலிடுக்கில் ஒரு மணியும் ஒட்டியிருக்கவில்லை என்று பார்த்துக்கொண்டாள்.

பயமாகத்தான் இருந்தது. கொஞ்சநஞ்சப் பயமல்ல. ஆனாலும் அந்தச் சூட்டைத் தாண்டி வந்த ஒன்பதைச் சாக்கோடு சுருட்டிக் குப்பையில் போட அவளுக்குக் கை வரவில்லை.

தேங்காய்ச் சிரட்டையில் வயல் சேறு நிரப்பி, ஒவ்வொன்றாக ஊன்றினாள்.

*

முன்வரிசையில் பழைய செயலாளர்கள் பதினோரு பேர்.

புதிய செயலாளர் செண்பகராமன் இரண்டு கைகளையும் நீட்டினான். அவன் கண் விதைப்பையைத் தேடியது. அவளிடம் சிரட்டைதான் இருந்தது.

"முளைக்குமா?"

மைக் அவள் பக்கம் வந்தது.

"ஒம்பது முளைச்சிருக்கு. மிச்சத்த நான் ஓவன்ல வச்சுக் கருக்கிட்டேன்."

கற்பகவல்லி கண்ணை மூடிக்கொண்டாள்.

செண்பகராமனுக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. கைகளை மட்டும் அவன் மடக்கவில்லை. அவள் சிரட்டையை அவற்றில் வைத்தாள்.

"ஒத்தை ஒத்தையா நடு. தள்ளித் தள்ளி நடு. அடுத்த வருசம் ரெண்டு கை வந்துரும்."

தலையைக் குனியவில்லை. குனிந்தால் அழுகை வந்துவிடும். முன்வரிசையையே நேராகப் பார்த்தாள், திட்டுவதென்றால் திட்டட்டும் என்று.

யாரும் திட்டவில்லை.

ஓரத்தில் இருந்த வெள்ளைச் சட்டைக்காரர், அவள் கண்ணைப் பார்க்க முடியாமல், குனிந்து தன் செருப்பைப் பார்த்தார்.

அவருக்கு இரண்டு நாற்காலி தள்ளி இருந்த அம்மாளும் குனிந்துகொண்டார்.

பிறகு, வெள்ளத்தில் பையைத் தலையில் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாரே, அவரும்.